தலைச்சுழி

பாயான் லெப்பாஸில் நாலாவது மாடி.
விமானம் இறங்கும்போதெல்லாம்
கண்ணாடி லேசாக நடுங்கும்.
பன்னிரண்டு வருஷத்து நிரல்.
எழுதிய திருமேனி
இப்போது பெர்த்தில் வீடு வாங்கிவிட்டான்.
அவன் காலத்தில் எல்லாம்
எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும் பெட்டிகள்.
எண்ணா, சரமா, ஆமாவா, இல்லையா,
வா, உட்கார்,
பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பிறகுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

புகார் ஜெலுத்தோங் கிளினிக்கிலிருந்து வந்தது.
ஊசி போட வந்த பெண்ணை
மெஷின் தெரியாது என்கிறதாம்.
ஐசி சரி, முகம் சரி,
நேரில் நிற்கிறாள்.
தேடினேன்.
ரெண்டாயிரத்து ஆறில் பிறந்தவள்,
ஐசி சுழியில் தொடங்குகிறது.
பெட்டி அதை எண் என்று நினைத்தது.
எண்ணுக்கு முன்னால் சுழி எதற்கு?
விழுங்கிவிட்டது.
பன்னிரண்டு இலக்கம் பதினொன்று.
தொண்ணூற்றொன்பதில் பிறந்தவர்கள் தப்பித்தார்கள்.
அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு
ரெண்டு மூன்று சுழி போயிருந்தது.
தலையெழுத்து என்பார்களே,
இடப்பக்கம், முதல் எழுத்து,
அதுதான் போனது.

திங்கட்கிழமை
ஒவ்வொரு கோப்பின் நெற்றியிலும் ஒரு வரி எழுதினோம்,
நானும் சூ யீயும் ஹைக்கலும்:
கண்டிப்பு, ஒன்று.
இனி உள்ளே போவதற்கு ஒரு வகை,
வெளியே வருவதற்கு ஒரு வகை.
ஐசி: சரம்.
கூட்டிக் கழிக்காத எதுவும் எண் இல்லை,
பூக்கடையில் முழம் போட்டுத் தருவதுபோல்
வரிசை கலையாமல் தொடுத்தது.
முதல் ஓட்டத்தில்
நாலாயிரத்துச் சொச்சம் சிவப்பு.
சூ யீ திரையைப் பார்த்துவிட்டு
"மொதல்ல சாப்பிட்டு வந்துருவோம் லா" என்றாள்,
அவளுக்குத் தெரிந்த தமிழில்.

எனக்கு இது புதிதில்லை.
பட்டர்வொர்த் தமிழ்ப்பள்ளியில்
'மாணவன் வந்தது' என்றெழுதி
சிவப்பு மை வாங்கியவள்.
எழுவாய் எந்தத் திணையோ
வினைக்கும் அந்த வால்.
ஒட்டாவிட்டால் வழு.

புதன்கிழமை
தந்தை பெயர் என்ற கட்டத்தில் நின்றுவிட்டேன்.
சில வரிசைகளில் காலி.
சிலவற்றில் ஒரு கோடு.
ஒன்றில் 'தியாடா',
இல்லை என்பதற்கான மலாய்ச் சொல்லே
பெயராக உட்கார்ந்திருந்தது.
கிளினிக்கின் கடிதம் அந்தப் பையனை
கவியன்பன் ஏ/எல் தியாடா என்று
மூன்று முறை கூப்பிட்டிருக்கிறது.

கட்டாயமாக்கிவிடு, என்றான் ஹைக்கல்,
சுத்தமாக இருக்கும்.

சுத்தமாகத்தான் இருக்கும்.
எனக்கும் ஒரு பையன், ஏழு வயது.
அவன் பாரத்தில் அந்தக் கட்டத்தின் முன்
பேனாவை எத்தனை நேரம் பிடித்திருந்தேன் என்று
ஹைக்கலுக்குத் தெரியாது.

வகைக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
சரம், அல்லது ஒன்றுமில்லை.
இந்த மொழி அதை ஒப்புக்கொள்கிறது.
ஒரே நிபந்தனை:
பெயரைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும்
முதலில் கேட்க வேண்டும்,
இருக்கிறதா என்று.
கேட்காமல் தொட்டால் சிவப்பு.
நூற்றுப் பதினேழு இடங்கள்.
அத்தனையிலும் கேட்க வைத்தேன்.
நேரில் யாரும்
அப்படிக் கேட்டதில்லை என்னிடம்.

வெள்ளி ராத்திரி ஏற்றினோம்.
இன்னும் அறுபது சிவப்பு பாக்கி,
'எதுவானாலும்' என்றெழுதி மூடிவைத்தோம்.
இலக்கணத்தில் இதற்கு வழுவமைதி என்று பெயர்
என்று சொன்னேன்.
சூ யீ பையை எடுத்துக்கொண்டாள்.

கீழே மழை.
என் பத்தொன்பது வயது கன்சில்
சாவியைத் திருப்பினால் இருமுகிறது,
விளக்கு எரிகிறது,
அவ்வளவுதான்.
மகனுக்குப் போன் போட்டேன்.
"மகாராணி இன்னைக்கு வரமாட்டேங்கிறா.
அம்மா கிராப் புடிச்சு வர்றேன்."
"கோவமா அவளுக்கு?" என்றான்.
ஆமாம், என்றேன்.
கண்ணாடியில் தண்ணீர்
வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது,
எந்த வரிக்கடியிலும்
சிவப்பு இல்லை.